மகாராணியின் பதில்

பெரியவளுக்குக் கண் விழித்ததும் முதல் வேலை பல் துலக்குவது அல்ல, பதில் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு கண் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். மற்றதை மட்டும் திறந்துகொண்டு கைப்பேசியைத் தடவுவாள்.

"பல்லையாவது விளக்கிட்டுப் பாரேன். பதில் போடறவங்க மேல உனக்கு என்ன கோபம்?" என்பார் கணவர். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அடுத்தவர் பார்வையைச் சரிசெய்தே பிழைப்பு நடத்துகிறவர், ஆனால் தன் வீட்டில் நடப்பது மட்டும் கண்ணில் படாது.

இந்தக் குடும்பத்தின் கதைக்கு வாராவாரம் வருகிறவர்களுக்குப் பெரியவள் யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

பெரியவள் 'பொதுச்சுவர்' என்று ஒரு நாவல் எழுதி வைத்திருக்கிறாள். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வீடுகளின் கதை. அதைப் பதிப்பகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு இலக்கிய முகவர் வேண்டும். முகவரைப் பிடிக்க ஒரு கடிதம் வேண்டும். ஒரே பக்கம்தான். உங்களை ஏன் தேடி வந்தேன், கதை என்ன, நான் யார் என்று மூன்று பத்தி. கூடவே நாவலின் முதல் பத்துப் பக்கம். அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

நாவலுக்குச் செலவழித்ததைவிட அந்த ஒரு பக்கத்துக்கு அவள் அதிகம் செலவழித்திருப்பாள். முகவர்களுக்குக் கணவர் பட்டப்பெயர் வைத்திருந்தார். பதிலே போடாதவர் ஊமைச்சாமி. 'தங்கள் படைப்பு எங்களுக்குப் பொருந்தவில்லை' என்று எல்லோருக்கும் ஒரே வரியை அனுப்புகிறவர் ரப்பர் ஸ்டாம்ப். அரைப் பக்கம் தலையில் தூக்கி வைத்து ஆடிவிட்டுக் கடைசி வரியில் கீழே போட்டவர் தேன்தடவி.

இவர்களுக்கெல்லாம் மேலே ஒருவர், மகாராணி. அவர் ஒரு நாவலைக் கையில் எடுத்தால் அது அச்சாகிவிட்ட மாதிரிதான். மகாராணிக்கு மட்டும் பெரியவள் இன்னும் எழுதவே இல்லை. மற்றவர்களிடம் கடிதத்தைத் தீட்டிப் பழகிவிட்டுக் கடைசியில் அனுப்பலாம் என்று வரைவிலேயே வைத்திருந்தாள். அவரும் இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் காத்திருக்க ஆள் இல்லையே என்ற பயமும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்தவள் சின்னவள், கூடப் பிறந்த தங்கை. விழுந்து அடிபட்டவர்களை மறுபடி நடக்க வைக்கிற பிசியோதெரபிஸ்ட். பக்கத்துத் தெருவில் வேலை கிடைத்து, போன வருஷம் பெட்டியோடு வந்து பின்னறையில் குடியேறினாள். வந்த இடத்தில் அக்கா எழுதுவதைப் பார்த்துவிட்டு அவளும் எழுத உட்கார்ந்தாள். ஒரு நோயாளி போய் அடுத்த நோயாளி வருவதற்குள் எழுதியே ஒரு நாவலை முடித்துவிட்டாள். 'பத்தாவது படி' என்று பெயர். தன் வீட்டு மாடிக்கு ஏற முடியாமல் போன ஒரு கிரேன் ஓட்டுநரின் கதை.

"எனக்கு லெட்டர் எழுத வரல கா. நீ எழுதிக் குடேன்" என்று போன மாதம் வந்து நின்றாள். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் பெரியவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். தன் கடிதம் என்றால் கை நடுங்கும். தங்கையின் கடிதத்துக்கு என்ன நடுக்கம்?

"யாருக்குக் கா அனுப்பட்டும்?"

"அனுப்பறதுதான் அனுப்பற, நேரா மகாராணிக்கே அனுப்பேன்" என்றாள் பெரியவள். கேலியாகத்தான் சொன்னாள். சின்னவளுக்குக் கேலி எல்லாம் புரிந்து பழக்கமில்லை. அனுப்பிவிட்டாள்.

அக்கா தங்கை இருவருக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரி. வீட்டில் ஒரே கம்ப்யூட்டர் இருந்த காலத்தில் அப்பா திறந்து கொடுத்தது. "ஆளுக்கு ஒன்னு வச்சுக்கக் கூடாதா? பல் தேய்க்கிற பிரஷ்ஷையா பங்கு போடுவீங்க?" என்று கணவர் கேட்டுப் பார்த்தார். இருவரும் மாற்றிக்கொள்ளவில்லை. எங்களுக்குள் என்ன ஒளிவு மறைவு என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள்.

அந்தப் பெருமைக்குத்தான் இன்று காலை கேடு வந்தது.

மேலே தடித்த எழுத்தில் மகாராணியின் பெயர். பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூங்கிக்கொண்டிருந்த கண்ணும் திறந்துகொண்டது. படித்தாள்.

'உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து உரக்கப் படித்தேன். கடிதத்தைவிட உங்கள் பத்துப் பக்கங்கள் ஒரு படி மேலே இருக்கின்றன. "பத்தாவது படி" முழு நாவலையும் நாளை காலைக்குள் அனுப்புங்கள். நாளையிலிருந்து நீண்ட விடுமுறையில் போகிறேன். கையோடு கொண்டுபோய்ப் படிக்க வேண்டும்.'

முழு நாவலும் வேண்டும் என்கிற அந்த வார்த்தையைத் தான் கேட்க வேண்டும் என்று எத்தனை வருஷம் விழித்தெழுந்திருக்கிறாள். வந்துவிட்டது. பின்னறைக்கு வந்துவிட்டது.

வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நெஞ்சுக்குக் கீழே ஒரு இடம் காந்தியது. சின்னவள் ஜெயித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். உரக்கப் படித்த கடிதம் இவளுடையது. அதைவிட மேலே போனவை சின்னவளுடைய பக்கங்கள். 'கடிதத்தைவிட' என்ற ஒற்றை வார்த்தை பல் இடுக்கில் சிக்கிய நார் போல நின்றது, நாக்கு அங்கேயே போய்ப் போய் வந்தது.

எழுந்து போய்ப் பின்னறைக் கதவைத் தட்ட வேண்டும். அக்காவாக இருப்பவள் செய்வது அதுதான். பெரியவள் என்ன செய்தாள் தெரியுமா? அந்தக் கடிதத்தை மறுபடியும் படிக்காததாக மாற்றிவைத்தாள். எழுத்து பழையபடி தடித்துக்கொண்டது. பிறகு போய்ப் பல் துலக்கினாள்.

"ஏதாவது வந்துச்சா?" என்றார் கணவர்.

"மின்சார பில் வந்திருக்கு."

கடையில் பெரியவளுக்குப் பின்கட்டு வேலை. லென்சைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி, மூக்குத்தாங்கியைச் சரிபார்த்துக் கொடுப்பாள். கை தானாகச் செய்யும் வேலைதான். இன்று கைக்கும் பொறாமை பிடித்து, ஒரே லென்சைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தது.

பத்து மணிக்குக் கடைத் தொலைபேசி அடித்தது. சின்னவள்.

"என்ன கா பண்ற?"

"கடைல என்ன பண்ணுவாங்க. கண்ணாடிதான் மாட்டிட்டிருக்கேன். என்ன விஷயம்?"

"ஒன்னுமில்ல. சும்மாதான்."

"சும்மா பேச உனக்கு நேரம் கிடைக்குதே. குடுத்து வச்சவ."

சின்னவள் "சரி கா" என்று வைத்துவிட்டாள். குடுத்து வச்சவ என்று சொன்னது நியாயம்தானே என்று பெரியவள் தனக்குள் வாதாடினாள். ஒன்பது வயதுவரை இவள் தோளைத் தொட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். ரிசல்ட் வந்தால் பலகையைப் பார்க்கப் பயந்துகொண்டு கேட்டுக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள், இவள்தான் போய்ப் பார்த்துவந்து சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவளுக்கு எல்லாமே நோகாமல் கிடைக்கிறது.

அரை மணிக்குள் நேற்று கண்ணாடி வாங்கிப் போன வாத்தியார் படியேறி வந்தார். ஏறி என்றால் ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி.

"அம்மா, கரும்பலகைல நான் எழுதினதே எனக்கு மேலயும் கீழயுமா தெரியுது."

கணவர் வாங்கிக் கருவியில் வைத்துப் பார்த்தார். வலதை இடதிலும் இடதை வலதிலும் மாட்டியிருக்கிறாள். அது நேற்றைய வேலை. நேற்று அவளுக்குப் பொறாமைகூட இல்லை, தேன்தடவிக்கு அனுப்பிய இரண்டாவது கடிதத்தின் நினைப்புதான்.

"இப்படியே போனா ஊர்ல பாதிப்பேரு விழுந்து அடிபட்டு உன் தங்கச்சிகிட்டதான் போய் நிப்பாங்க. அவளுக்கு நல்ல பிசினஸ்" என்று சிரித்தார் கணவர்.

"ஆமா. எல்லாம் அவளுக்கே போகட்டும்" என்றாள் பெரியவள். குரலில் இருந்த சூட்டைப் பார்த்துவிட்டு வாத்தியார் முன்கட்டுக்குப் போய்விட்டார். கணவருக்கு வழக்கம்போல் ஒன்றும் கண்ணில் படவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சின்னவளே வந்து நின்றாள். வேலைச் சட்டையோடு, மூக்கில் கண்ணாடி கோணிக்கொண்டு.

"ஸ்க்ரூ லூசாயிடுச்சு கா. டைட் பண்ணிக் குடு."

பெரியவள் வாங்கி, குட்டித் திருப்புளியை எடுத்தாள். கண்ணாடி இல்லாத சின்னவளின் முகம் சின்ன வயசு முகமாக இருந்தது. மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு அக்காவையே பார்த்தாள்.

"மெயில் ஏதாவது வந்துச்சா கா?"

பெரியவளின் கை நின்றது. ஸ்க்ரூ பார்க்கிற மாதிரி தலையை நன்றாகக் குனிந்துகொண்டாள்.

"நீ பாக்கலயா?"

"காலைலேர்ந்து பேஷண்ட் மேல பேஷண்ட். மெயிலைத் திறக்கவே இல்ல. அதான் உன்னக் கேக்கறேன்."

இதோ, தாம்பாளத்தில் வைத்து நீட்டுகிறாள். சொல்லிவிடு, கட்டிப் பிடித்துக்கொள், கணவரைக் கூப்பிடு. பெரியவளின் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே 'கடிதத்தைவிட' என்பதும் வந்தது.

"ஒன்னும் வரல. மின்சார பில்தான்."

"ஓ."

"மகாராணி எல்லாம் லேசுல பதில் போட மாட்டாங்க. ஆறு மாசம் ஆகும். சில பேருக்கு வராமலே போயிடும். ரொம்ப நம்பிட்டு உக்காந்திருக்காத."

"நம்பலாமா கூடாதான்னு நீ சொன்னா சரியா இருக்கும் கா" என்றாள் சின்னவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் நின்றாள். ஷோகேசில் இருந்த ஃபிரேம்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். வாங்குகிறவள் மாதிரி இல்லை, யாரோ கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவள் மாதிரி. பிறகு போனாள்.

அவள் தெரு திரும்பியதுதான் தாமதம், பெரியவள் கைப்பேசியை எடுத்தாள்.

இவளுக்கே மகாராணி பதில் போட்டால் எனக்குப் போட மாட்டாரா? இவள் நாவல் ஒரு படி மேலே என்றால் என் நாவல் எத்தனை படி மேலே இருக்கும்? விடுமுறைக்குப் போகிறவர் ஒரு நாவலோடு ஏன் போக வேண்டும், இரண்டாக எடுத்துப் போகட்டுமே. வருஷக்கணக்காக வரைவில் கிடந்த கடிதத்தைத் திறந்தாள். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. எழுத்துக்கு எழுத்து நகை செய்கிற மாதிரி தீட்டி வைத்த கடிதத்தைக் கோபத்தில் கல்லெறிகிற மாதிரி எறிந்தாள். போய்விட்டது.

போனதும்தான் பயம் வந்தது. அனுப்பியவற்றில் சின்னவள் பார்ப்பாளே. அங்கே போய் அதை அழித்தாள். பதில் வர எப்படியும் வாரங்கள் ஆகும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். திருட்டு வேலை இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

எரிச்சல் தணிந்தால் மிஞ்சுவது உறுத்தல்தான். நாளை காலைக்குள் என்று போட்டிருக்கிறது. சின்னவளுக்குத் தெரியாமலே நாளை காலை வந்து போய்விட்டால், அவள் நாவல் மகாராணியின் கைக்குப் போகாது. தான் பேசாமல் இருந்தாலே போதும், ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டாம். அந்த நினைப்பு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைப் பார்த்துத்தான் பெரியவள் பயந்தாள்.

சாயங்காலம் வீட்டில் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பெரியவள் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு புருவத்தை உயர்த்தினாள். கண்ணாடி முன்னால் நின்று பழகியதுபோல் வந்தது.

"அடியே, இங்க பாரு. உனக்கு மகாராணிகிட்டேர்ந்து மெயில். முழு நாவலும் வேணுமாம்."

குதித்தது கணவர்தான். டீ சட்டையில் சிந்தியது. கைப்பேசியைப் பிடுங்கி அவரும் ஒருமுறை உரக்கப் படித்தார். 'கடிதத்தைவிட' வரும் இடத்தில் பெரியவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டாள்.

"நம்ம வீட்லயே ஒரு எழுத்தாளர். இருங்க, நான் போய் கேக் வாங்கிட்டு வரேன்." செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டே இறங்கி ஓடினார்.

சின்னவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடி, சந்தோஷமே இல்லயா?"

"இது காலைல வந்தது கா."

"அப்படியா? நான் இப்பத்தான்…"

"நீ எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன்."

பெரியவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது உட்கார்ந்திருந்த நாற்காலி வழுக்குவதுபோல் இருந்தது.

"பாத்துட்டு மறுபடி படிக்காத மாதிரி மாத்தி வச்சேன். நீ பாத்துட்டு ஓடி வந்து சொல்லுவேன்னு. ரிசல்ட் எல்லாம் நீதானே கா வந்து சொல்லுவ. நீ சொன்னாத்தான் எனக்குப் பாஸ் ஆன மாதிரி இருக்கும்." சின்னவள் அழவில்லை. நோயாளியிடம் எங்கே வலி என்று கேட்கிற குரலில்தான் பேசினாள். "நீ ரூம்லேர்ந்து வந்தப்ப கதவுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன். நீ பாத்ரூம் போயிட்ட. சரி, பாக்கல போலன்னு நினைச்சேன். பத்து மணிக்கு ஃபோன் பண்ணேன். மத்தியானம் வந்தேன்."

"ஸ்க்ரூ…"

"நானேதான் லூஸ் பண்ணிட்டு வந்தேன்."

"எனக்குப் பொறுக்கல டி" என்றாள் பெரியவள். "நான் எத்தனை வருஷமா… உனக்கு முதல் தடவையே. அதுவும் என் லெட்டர்ல. வயிறு எரிஞ்சு போச்சு. சொல்ல முடியல."

"அத சொல்லியிருக்கலாமே கா. வயிறு எரியுதுன்னே சொல்லியிருக்கலாம். நான் என்ன சண்டைக்கா வந்திருப்பேன்? மின்சார பில்லுன்னு சொன்னியே, அதான் வலிக்குது."

பெரியவள் தங்கையின் கையைப் பிடித்தாள். சின்னவள் விலக்கிக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் இருவரும் அழுது, மூக்கைச் சிந்தி, கேக் வருவதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். இந்தக் குடும்பத்தில் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது.

அந்த ஒரு நிமிஷத்துக்குள் இரண்டு கைப்பேசியும் ஒன்றாகச் சத்தம் போட்டன.

பெரியவள் மேசைமீது கை நீட்டுவதற்குள் சின்னவள் தன்னுடையதைப் பார்த்துவிட்டாள். பார்க்க வேண்டாம் என்று சொல்லப் பெரியவள் வாயைத் திறந்தாள். என்ன காரணம் சொல்வது?

"மகாராணியோட உதவியாளராம்" என்ற சின்னவள், மெதுவாகப் படித்தாள். "'உங்கள் முகவரியிலிருந்து "பத்தாவது படி"யை அடுத்து இன்று "பொதுச்சுவர்" என்னும் நாவலுக்கும் கடிதம் வந்துள்ளது. பெயர்கள் வேறாக இருந்தாலும் இரண்டு கடிதங்களின் நடையும் ஒருவருடையதே என்பதால், ஒன்று புனைபெயர் என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரே எழுத்தாளரின் இரண்டு நாவல்களை ஒரே சமயத்தில் நாங்கள் ஏற்பதில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று இன்றைக்கே தெரிவியுங்கள்.'"

படித்து முடித்துவிட்டுத் திரும்பவும் மேலே போய் ஏதோ ஒரு வரியைப் பார்த்தாள்.

"இன்னைக்கா அனுப்பின?"

"ம்."

"நான் கடைக்கு வந்துட்டுப் போனதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

பெரியவளுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. காலையிலிருந்து சொன்னதே ஒரு ஆயுசுக்குப் போதும்.

"அப்புறம்."

சின்னவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கையை உருவிக்கொண்டு, தன் கைப்பேசியை அக்காவின் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பதில் போடு கா."

"நான் எப்படி டி…"

"எனக்குத்தான் லெட்டர் எழுத வராதே. ரெண்டு லெட்டரும் நீ எழுதினதுதான். இதையும் நீயே எழுது. என்ன எழுதறயோ எழுது, நான் பாக்க மாட்டேன்."

பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தால் பெரியவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சாத்தினாள்.

படியில் செருப்புச் சத்தம். கணவர் அட்டைப் பெட்டியைத் தாங்கிக்கொண்டு வந்தார்.

"கேக்கு மேல யார் பேரு போடணும்னு கேட்டான். ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்லிட்டேன். நாவல் அவளோடது, லெட்டர் உன்னோடது, சரிதானே? எங்க அவ?"

பெரியவள் கைப்பேசியைத் திறந்து 'வணக்கம்' என்று எழுதினாள். 'பத்தாவது படி என் தங்கை எழுதியது' என்று எழுதினாள். இரண்டு கடிதத்திலும் ஒரே நடையைப் பார்த்துவிட்டவர்கள் அதை மட்டும் சொன்னால் நம்பமாட்டார்கள். அடுத்து என்ன எழுத வேண்டும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். 'பொதுச்சுவரை விட்டுவிடுங்கள்.' கடிதம் எழுதுவதில் கரைகண்டவளுக்கு ஒரு மூச்சு வேலை.

விரல் அங்கேயே நின்றது. பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். அது அப்படியே இருந்தது, பக்கத்தில் வெட்கமும் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். இரண்டில் எது எழுதப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

"கத்திய எடுத்துட்டு வாங்க ரெண்டு பேரும்" என்று கணவர் மேசையைத் துடைத்துக்கொண்டே குரல் கொடுத்தார். பின்னறைக் கதவு திறக்கவில்லை.